உன் அப்பா ஏன் உள்ளே வரவில்லை

தம்பி,

நீ கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டுப் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. போனில் பேசிவிடலாம் என்று உன் நம்பரை எடுத்தேன். எடுத்ததுமே உள்ளங்கை வேர்த்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உனக்கு உடம்புக்கு வந்து போனதிலிருந்து எனக்கு இப்படித்தான் ஆகிறது. உன் பெயரை போனில் பார்த்தாலே, நீ நல்லதைச் சொல்லப்போகிறாயா கெட்டதைச் சொல்லப்போகிறாயா என்று தெரியும் முன்பே நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிடுகிறது. எழுதினால் நடுவில் நிறுத்தி மூச்சு விட்டுக்கொள்ளலாம் என்றுதான் எழுதுகிறேன். நீயும் அப்படியே நிறுத்தி நிறுத்திப் படி. படித்தால் உனக்குப் படபடப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் இவ்வளவு நாளும் இதை யாரும் உன்னிடம் சொல்லவில்லை.

உன் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் அப்பா பின்வாசல் வழியாக இறங்கிப் போனதை நீ பார்த்துவிட்டாய். "அவருக்கு இஷ்டம் இல்லன்னா வர வேணாம்மா, நான் ஒண்ணும் கெஞ்சல" என்று சொல்லிப் பத்திரிகையை டி.வி. ஸ்டாண்டில் வைத்தாய். உன்னோடு வந்திருந்த ஸ்டெல்லா தன் துப்பட்டா நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போட்ட டீயை இரண்டு பேரும் பாதிதான் குடித்தீர்கள். நீங்கள் போன பிறகு அவரைத் தேடிப் போனேன். மோட்டார் ரூமுக்குப் பின்னால் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். கல்யாணம் என்றைக்கு, எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அவனுக்கு மூச்சு வாங்குச்சா? நெத்தி வேர்த்து இருந்துச்சா?" என்றுதான் கேட்டார். "இந்த வெயில்ல வண்டி ஓட்டியாந்தா யாருக்குத்தான் வேர்க்காது" என்றேன். "நீ நல்லா பாத்தியா?" என்றார் மறுபடியும். அவர் உன்மேல் கோபமாக இல்லை தம்பி. அவர் பயந்துபோய் இருக்கிறார். எதற்கு என்று உனக்குப் புரிய வேண்டுமானால், நீ விழுந்த அன்றிலிருந்து சொல்ல வேண்டும்.

போன வருஷம் பொங்கல் லீவுக்கு நீ பாண்டிச்சேரியிலிருந்து வந்தபோதே முகம் வாடியிருந்தது. வெளியில் எதையோ சாப்பிட்டு வயிற்றால் போனது, இப்போது சரியாகிவிட்டது என்றாய். காலையில் காபி குடிக்கும்போது, "பாதம் மரத்த மாதிரியே இருக்குதும்மா, செருப்பு போட்டிருக்கனா இல்லியான்னே தெரியல" என்று சிரித்தாய். பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து வந்ததால் இருக்கும் என்று நானும் சிரித்தேன். அந்த நேரத்தில்தான் அப்பா செராமிக் எஸ்டேட்டில் சூளை ஷிப்டு முடித்து வந்தார். பீங்கான் ஃபியூஸ் வேகவைக்கிற சூளை முன்னால் இரவெல்லாம் நின்றுவிட்டு வந்த மனுஷன் குளிக்கக்கூட இல்லை. நீ ஸ்டெல்லாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாய்.

மங்கலம்பேட்டைப் பக்கத்துப் பெண், உன்னோடு வேலை செய்கிறாள், சர்ச்சுக்குப் போகிற குடும்பம் என்று நீ சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. "நாளைக்குப் பொறக்கற புள்ளைய எங்க கூட்டிட்டுப் போயி மொட்டை அடிப்ப?" என்று கேட்டார். "அத நானும் அவளும் பாத்துக்கறோம்" என்றாய். "எல்லாத்தையும் நீயே பாத்துக்கறதா இருந்தா இந்த வூட்டு வாசப்படிய மிதிக்காத" என்று கத்தினார். நீ பையை எடுத்துக்கொண்டு எழுந்தாய். வாசல் நிலையைப் பிடித்தாய். பிடித்த கையோடு, கொடியிலிருந்து துணி நழுவுவது போலக் கீழே உட்கார்ந்துவிட்டாய். "எழுந்திருடா, நடிக்காத" என்றார் அப்பா. நீ அவரை நிமிர்ந்து பார்த்து, "முடியலப்பா" என்றாய். நீ அவரிடம் கடைசியாகப் பேசிய வார்த்தை அதுதான். இன்றைக்கு வரைக்கும் அதுதான்.

நம் ஊர் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் உன் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். கால் துள்ளவில்லை. "இது நரம்பு சமாச்சாரம், நேரம் கடத்தாம பாண்டிக்குக் கொண்டு போங்க" என்றார். ஆம்புலன்ஸில் நான் உன் பக்கத்தில், அப்பா முன்னால் டிரைவர் பக்கத்தில். பண்ருட்டி தாண்டியபோது உன் கையைப் பிடித்திருந்தேன். நான் பிடித்தேனே தவிர உன் விரல் என்னைப் பிடிக்கவில்லை. பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்தபோது நீ ஒரு வாக்கியத்தை மூன்று மூச்சில் பேசினாய். அதன் பிறகு தொண்டைக்குள் குழாய் போட்டார்கள்.

ஐ.சி.யூ. டாக்டர் உன்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருப்பாள். எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னாள். வயிற்றுக்குள் போன கிருமியை விரட்டுவதற்காக உடம்பு தயாரித்த படை, கிருமி போன பிறகும் நிற்காமல் உன் நரம்புகளையே தாக்கிக்கொண்டிருக்கிறது என்றாள். கை கால் அசைக்கிற நரம்புதான் முதலில் போனது. பெரும்பாலும் திரும்பி வந்துவிடும், ஆனால் மாசக்கணக்கில் ஆகும் என்றாள். "இப்ப எங்களுக்குக் கவலை அது இல்லீங்க. நாம சொன்னா அசையறது கையும் காலும். நாம சொல்லாமலே நடக்கறது எத்தனையோ இருக்குது. இதயம் அடிக்கறது, ரத்த அழுத்தம் கூடறது கொறையறது, வேர்க்கறது, குடல் நகர்றது, மூத்திரப்பை சுருங்கறது. அதுக்கெல்லாம் தனியா நரம்பு இருக்குது. அதையும் இது தொட்டுடுச்சு" என்றாள்.

எனக்கு அது புதிய சேதி இல்லை. நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூட லேபில் அந்த நரம்பு மண்டலப் படத்தை எத்தனை வருஷமாக விரித்து மாட்டிச் சுருட்டி வைத்திருக்கிறேன். நடுவில் முதுகுத்தண்டு, அதிலிருந்து ஒரு பக்கம் சிவப்புக் கோடு, ஒரு பக்கம் நீலக் கோடு. ஒன்று பரிவு நரம்பு, இன்னொன்று எதிர்ப்பரிவு நரம்பு. பயம் வந்தால் முதலாவது இதயத்தை ஓடவைக்கும், பயம் போனதும் இரண்டாவது அதை அடக்கிக் கொண்டுவரும். பிள்ளைகள் ஒப்பிப்பதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம். நெஞ்சைப் பதறவைக்கிற நரம்புக்குப் பரிவு என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று முன்பெல்லாம் நினைத்துக்கொள்வேன். உன் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபோது அதை நினைக்கவே பயமாக இருந்தது. அந்தப் படத்தில் இருந்த ஒவ்வொரு கோடும் உன் உடம்புக்குள் தாறுமாறாகக் கிடந்தது. வயிறு கல் மாதிரி உப்பியது, குடல் நின்றுவிட்டது என்றார்கள். சிறுநீருக்குக் குழாய் போட்டார்கள். ஏ.சி. குளிரில் திடீரென்று உனக்கு நெற்றியிலிருந்து தண்ணீராகக் கொட்டும். துடைத்து முடிப்பதற்குள் தோல் காய்ந்து சில்லிட்டுப்போகும்.

உன் முகத்து நரம்பும் போய்விட்டதால் கண் இமையை மூடக்கூட உன்னால் முடியவில்லை. மருந்து தடவிப் பிளாஸ்திரி ஒட்டி மூடிவைத்தார்கள். உனக்கு நினைவு இருக்கிறது, எல்லாம் கேட்கிறது, பேசுங்கள் என்றாள் டாக்டர். சிமிட்டாத, உதடு அசையாத, விரல் தூக்காத பிள்ளையிடம் நான் பேசினேன். உன்னிடமிருந்து எனக்குப் பதிலாக வந்தது அந்தத் திரையில் ஓடிய இதயத்துடிப்பின் எண் மட்டும்தான். "ஸ்டெல்லா வந்திருக்குது தம்பி, வெளிய நிக்குது" என்றேன். எண் ஏறியது. சந்தோஷத்தில் ஏறுகிறது என்று நினைத்து நர்ஸிடம் சொன்னேன். "அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. நீங்க இல்லாதப்பவும் இப்படித்தான் ஏறுது, எறங்குது" என்றாள். அதிலிருந்து எனக்கு என் பேச்சின் மேலேயே பயம் வந்துவிட்டது. நான் சொல்வது உனக்கு ஆறுதலா, ஆபத்தா என்று தெரியாமல், ஒவ்வொரு வார்த்தைக்கும் திரையைப் பார்த்துப் பார்த்துப் பேசினேன்.

இனிமேல் சொல்வதை மெதுவாகப் படி.

ஒருவர் ஒருவராகத்தான் உள்ளே விடுவார்கள். முதல் சில நாள் அப்பா உள்ளே வரவில்லை. நீ விழுந்தது தன் சத்தத்தினால்தான் என்று அவர் தீர்மானமாக நம்பினார். வயிற்றுக் கிருமி, முன்னாலேயே தொடங்கிய வியாதி என்று டாக்டர் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. நான்தான் வற்புறுத்தி அனுப்பினேன். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு வந்து உன் நெற்றியில் கை வைத்தார். வாய் அசைந்தது. பிறகு கேட்டபோது, "தம்பின்னுதான் சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லல" என்றார். அவர் கை உன் நெற்றியில் இருக்கும்போதே எண் விறுவிறுவென்று நூற்று அறுபதுக்கு ஏறியது. அதைப் பார்த்துக் கையை எடுத்தார். எடுத்ததும் சரிந்தது. தொண்ணூறு, அறுபது, முப்பது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் திரையில் ஒரு நேர்கோடு மட்டும் போனது. மெஷின் கத்தியது. நாலைந்து பேர் ஓடிவந்தார்கள், யாரோ ஊசியை ஏற்றினார்கள், யாரோ அப்பாவைத் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். நான் கண்ணாடியில் கை வைத்தபடி நின்றேன். கோடு மறுபடியும் துள்ளியது.

அப்பா உள்ளே வருவதற்குச் சற்று முன்னால்தான் நர்ஸ் உன் தொண்டைக் குழாயில் சளி உறிஞ்சியிருக்கிறாள். அந்த உறிஞ்சலே இதயத்தை அப்படி நிறுத்திவிடும், இந்த வியாதியில் அது பலருக்கும் நடப்பது, அதற்காகத்தான் ஊசியைத் தயாராக வைத்திருக்கிறோம் என்று டாக்டர் கீழே இறங்கி வந்து அப்பாவிடமே சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். அவள் போன பிறகு என்னிடம், "பெத்தவன் மனசு நோகக் கூடாதுன்னு சொல்லுது அந்தப் பொண்ணு. நான் கைய வச்சேன், அவன் நெஞ்சு நின்னு போச்சு. நான் பாத்தேனே" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கண்ணாடிக் கதவு இருக்கிற மாடிக்கே ஏறவில்லை.

ஆனால் ஊருக்கும் திரும்பவில்லை தம்பி. நீ நினைத்துக்கொண்டிருப்பது போல, ஒரு தடவை முகத்தைக் காட்டிவிட்டுச் சூளைக்குப் போய்விடவில்லை. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டுப் பெஞ்சு. நீ அங்கே இருந்த அத்தனை நாளும் அவர் அதில்தான் இருந்தார். நான் கீழே இறங்கினால் என் முகத்தைப் பார்த்து, "எவ்ளோ?" என்பார். எண்ணைச் சொல்வேன். குறைவாகச் சொன்னாலும் பயப்படுவார், அதிகமாகச் சொன்னாலும் பயப்படுவார். "சூளையில தீ ஏறினா வால்வ கொறைக்கலாம், கொறைஞ்சா தொறக்கலாம். இங்க வால்வு எங்க இருக்குதுன்னே தெரியலியே" என்று ஒருநாள் அழுதார். மைக்கில் உன் பெயரைச் சொல்லி உன்னோடு இருக்கிற ஆளைக் கூப்பிட்டால் போதும், மருந்து வாங்கிவரத்தான் கூப்பிடுகிறார்கள் என்றாலும், அவர் கழிப்பறைக்கு ஓடுவார். ஸ்டெல்லா வருவது தெரிந்தால் எழுந்து ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். அவள் போன பிறகு, "அந்தப் பொண்ணு சாப்ட்டுச்சா? பஸ்ஸுக்கு இருட்டிடப் போவுது, சீக்கிரம் அனுப்பு" என்பார். நான் அவளுக்கு வாங்கிக் கொடுத்த பன்னும் டீயும் பாதி நாள் அவர் வாங்கி என் கையில் கொடுத்ததுதான்.

பிறகு கழுத்தில் துளை போட்டு வைத்திருந்த குழாயை எடுத்து, ஓட்டையை விரலால் மூடிக்கொண்டு நீ பேசிய முதல் நாள், "அப்பா வந்தாரா?" என்று கேட்டாய். "வந்தாங்க" என்றேன். "ஒரு தடவ வந்தாரு, தெரியும்" என்று சொல்லி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய். மீதியை அங்கேயே சொல்லிவிடத் துடித்தேன். ஆனால் அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். "என் பேச்ச எடுத்தா திரும்ப ஏறும். அவன் பொழைக்கட்டும், என்னப் பத்தி என்ன வேணா நெனச்சுக்கட்டும்" என்றார். எனக்கும் பயம்தான். அந்த நேர்கோட்டை நானும் பார்த்தவள்.

வீட்டுக்கு வந்த பிறகு நீ படுத்திருந்த மாசங்களில் அவர் எஸ்டேட்டிலேயே, சரக்கு அடுக்கும் ரூமில் படுத்துக்கொண்டார். நீ இருக்கிற வீட்டில் இருக்கப் பிடிக்காமல் போனார் என்று நீ நினைத்தாய். ஹாலிலிருந்து குளியலறை வரைக்கும் சுவரோரமாக நீ பிடித்து நடப்பதற்குப் பைப்பு பதித்திருந்ததே, கொத்தனாரை வைத்து நான் செய்ததாகத்தான் உனக்குச் சொன்னேன். உன்னைப் பயிற்சிக்கு ஆட்டோவில் ஏற்றி அனுப்பிய நேரத்தில் அவர் வந்து துளை போட்டுப் பதித்தது அது. உன் கை உயரத்துக்குச் சரியாக இருக்க வேண்டுமென்று, நீ மத்தியானம் தூங்கும்போது வந்து பாயோரம் குந்தி, உன் குதிகாலிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரு நூலால் அளந்துகொண்டு போனார். தொடாமல் அளந்தார். அளந்து முடித்ததும் உன் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி நின்றார். நீ புரண்டதும் வெளியே ஓடினார்.

போன செக்கப்பில் உன்னைப் படுக்கவைத்து, எழுந்து நிற்கவைத்து, ஆழமாக மூச்சு இழுத்துவிடச் சொல்லி டாக்டர் துடிப்பைப் பார்த்தாள் அல்லவா. அது வேறு எதற்கும் இல்லை, இந்த நரம்புகளைத்தான் சோதித்தாள். நீ மருந்து வாங்கப் போனபோது அவளைத் தனியாகக் கேட்டேன். "இவனுக்கு அதிர்ச்சி, கோபம், சண்டை எல்லாம் ஆகலாங்களா?" என்றேன். சிரித்தாள். "கல்யாணம் பண்ணிக்கப் போறவருக்கு அதெல்லாம் இல்லாம எப்படிங்க? ஏறுது, தானா எறங்குது. நல்ல நரம்பு அதத்தான் செய்யும். ஏறவே கூடாதுன்னு நெனைக்காதீங்க" என்றாள். இதை வந்து அப்பாவிடம் அப்படியே சொன்னேன். "டாக்டர் முன்னாடி ஏறும், எறங்கும். என் முன்னாடி?" என்றார். அதற்குப் பதில் உன்னிடம்தான் இருக்கிறது.

அன்றைக்கு அவர் கை உன் நெற்றியில் பட்டபோது உனக்கு என்ன தோன்றியது என்று எனக்குத் தெரியாது. கோபமாக இருந்திருக்கலாம். அழ நினைத்து அழ முடியாமல் இருந்திருக்கலாம். ஒன்றுமே இல்லாமல், நரம்பு தன்பாட்டுக்குத் தாறுமாறாக ஓடியதாகவும் இருக்கலாம். கோபம்தான் என்றாலும் அதை அவரிடம் சொல். அவர் தாங்குவார். நீ பேசாமல் இருப்பதைத்தான் தாங்கமாட்டேன் என்கிறார்.

ஸ்டெல்லாவோடு வாழப்போகிறாய். புத்தி சொல்கிற அளவுக்கு எனக்கு ஒன்றும் தெரியாது; அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து தெரிந்துகொண்டது ஒன்றுதான். நெஞ்சு ஏறியிருக்கும்போது ஒரு மனுஷன் சொல்வது அவன் முழுசாகச் சொல்வது இல்லை. அவள் கத்தினால், இறங்கட்டும் என்று பொறு. நீ கத்தினால், இறங்கின பிறகு நீயே போய்ப் பேசு. இறங்கின பிறகும் பேசாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் வீடே போதும். இன்னொன்று, கால் மரத்துப்போனால், தண்ணீர் தொண்டையில் இறங்கத் தடுமாறினால், சின்னதாக இருந்தாலும் அவளிடம் உடனே சொல். நான் பயப்படுவேன் என்று என்னிடம் மறைக்காதே. எப்படியும் பயந்துகொண்டுதான் இருக்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லாவைக் கூட்டிக்கொண்டு வா. வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வா. சத்தம் கேட்டால் மறுபடியும் போய்விடுவார். உள்ளே வந்ததும் அவர் கையைப் பிடித்து உன் மணிக்கட்டில் வைத்துக்கொள். ஏறினால் ஏறட்டும். அது இறங்குகிற வரைக்கும் அவரை எழுந்து போக விடாதே. அவர் விரலுக்குக் கீழேயே அது இறங்க வேண்டும். நான் எத்தனை முறை சொன்னாலும், டாக்டர் எத்தனை முறை சொன்னாலும் அவர் மண்டையில் ஏறாதது, அப்படித்தான் ஏறும்.

இதை எழுதி முடித்துவிட்டு, உனக்கு எழுதிவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். சத்தியத்தை மீறிவிட்டாயே என்று திட்டுவார் என்று நினைத்தேன். முகம் வெளுத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். அப்புறம் ஹாலைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு, "வந்தா நான் எங்க உக்காரட்டும்?" என்று கேட்டார்.

அம்மா